விரல், உதடு, கணுக்கால்: வெண்புள்ளிக்குத் தோல் ஒட்டு செய்துகொள்ள முழுமையான வழிகாட்டி

எனக்கு நான்கு முறை தோல் ஒட்டு நடந்திருக்கிறது. முதலில் இடது கணுக்கால். அது வீணாய்ப் போனது. அடுத்தது கீழ் உதடு, நன்றாகப் பிடித்தது. மறுபடி அதே கணுக்கால். இந்த முறை முக்கால்வாசி நிறம் வந்தது. கடைசியாக வலது கை விரல்கள். கணுக்களில் நிறம் வந்துவிட்டது, நுனிகள் இன்றும் வெள்ளைதான்.

நான் மருத்துவன் இல்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலை. பட்டறையில், உறவில், ஏற்காட்டு எஸ்டேட்டில் என்று இதே புள்ளி உள்ளவர்களுக்குத் துணையாகப் பலமுறை மருத்துவமனை போய் உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். "எந்த ஆபரேஷன் நல்லதுங்கண்ணா?" என்று முதலில் கேட்கிறார்கள். வரிசையில் அது நான்காவது கேள்வி. முதல் மூன்றைத் தாண்டிக் குதித்தவர்களின் ஒட்டுதான் பெரும்பாலும் வீணாகியிருக்கிறது.

இந்த இடங்கள் ஏன் அடம்பிடிக்கின்றன என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். களிம்பிலும் ஒளிச் சிகிச்சையிலும் நிறம் திரும்பும்போது பெரும்பாலும் முடிக்கால்களிலிருந்துதான் மிளகு தூவியதுபோல் புள்ளி புள்ளியாகக் கிளம்பும். நிறமிச் செல்களின் சேமிப்பு முடியின் வேர்ப்பையில் இருக்கிறது. உதட்டில், விரல் நுனியில், உள்ளங்கையில் முடியே இல்லை. கணுக்கால் எலும்பின் மேலும் விரலின் மேற்புறத்திலும் குறைவு. சேமிப்பு இல்லாத இடத்துக்கு வேறு இடத்திலிருந்து செல்லைக் கொண்டுவந்து நட வேண்டியிருக்கிறது. முடி இருந்தும் அந்த முடியே வெளுத்துவிட்ட இடத்துக்கும் இதே கதைதான்.

1. புள்ளி நின்றுவிட்டதா என்று முதலில் பாருங்கள்

பொதுவாக ஒரு வருடம் கேட்பார்கள். அந்த ஒரு வருடத்தில் புதுப் புள்ளி வந்திருக்கக் கூடாது, பழையது பெருத்திருக்கக் கூடாது, அடிபட்ட இடமோ கீறிய இடமோ வெள்ளையாக மாறியிருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும்.

காரணம் எளிது. உடம்பின் எதிர்ப்பு சக்திதான் தன் சொந்த நிறமிச் செல்களைத் தாக்குகிறது. அந்தத் தாக்குதல் ஓயாத நேரத்தில் புதிய செல்லைக் கொண்டுபோய் நட்டால் அதையும் சேர்த்துத் தாக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம், ஒட்டுக்காகத் தோல் எடுத்த தொடையும் காயத்தின் சாக்கில் வெளுத்துப்போவது. ஒரு புள்ளியைத் தீர்க்கப் போய் இரண்டாக்கிக்கொண்டு வருவீர்கள்.

இந்த மூன்றில் மக்கள் கோட்டைவிடுவது கடைசியை. ஏற்காட்டில் காபி பறிக்கும் ஒரு பெண்ணை அழைத்துப் போயிருந்தேன். புதுப் புள்ளி இல்லை, பழையது வளரவில்லை என்று அடித்துச் சொன்னது. மருத்துவர் முழங்கைக்குக் கீழே திருப்பிப் பார்த்தார். காபிக் கிளை கிழித்த கீறல்கள் கோடு கோடாக வெளுத்திருந்தன. அன்றைக்கே ஆபரேஷன் பேச்சு நின்றது. நோயை அடக்கும் மாத்திரையும் ஒளிச் சிகிச்சையும் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பெண்ணுக்கு வருத்தம்தான், ஆனால் தொடை தப்பித்தது.

இன்னொரு அடையாளம், புள்ளியின் ஓரம். ஓரம் வரப்பு கட்டியதுபோல் தெளிவாக இருந்தால் நல்லது. ஓரத்தைச் சுற்றி ரவை தூவியதுபோல் சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டுகள் இருந்தால், அல்லது ஓரம் மங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாமல் இருந்தால், நோய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

நினைவை நம்பாதீர்கள், போட்டோ எடுங்கள். மாதம் ஒருமுறை, அதே ஜன்னல் பக்கம், அதே நேரம், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து. மருத்துவரிடம் "வளரலீங்க" என்று வாயால் சொல்வதைவிடப் பன்னிரண்டு படங்களை நீட்டுவது மேல்.

உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக வரும் வகை சீக்கிரம் நின்றுவிடும். ஒட்டுக்கும் நன்றாகக் கட்டுப்படும். இரண்டு பக்கமும் ஜோடியாக வரும் வகைக்குப் பொறுமை அதிகம் வேண்டும். உதடும் விரல் நுனியும் சேர்ந்து வெளுப்பது எல்லாவற்றிலும் பிடிவாதமானது. என்னுடையது அதுதான்.

2. தூண்டிவிடும் பொருளை விலக்குங்கள்

இதைக் குறைந்தது மூன்று மாதம் முன்னால் தொடங்க வேண்டும். ஹவாய் செருப்பின் பட்டை படும் இடத்தில் மட்டும் V போல வெளுத்திருந்தால் சந்தேகம் முதலில் செருப்பின் மேல் விழ வேண்டும். சில ரப்பர்களிலும் பசைகளிலும் கலக்கும் ரசாயனம் நிறமிச் செல்லையே கொன்றுவிடும். ஸ்டிக்கர் பொட்டின் பசையும் அப்படித்தான். அந்தச் செருப்பை மாற்றாமல் பாதத்தில் ஒட்டு வைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது.

உரசலும் இதே வேலையைச் செய்யும். இறுக்கமான கொலுசு, ஷூவின் பின்விளிம்பு, குழித்தறியில் மிதிக்கும்போது பலகையில் படும் கால். என் விஷயத்தில் பற்றவைக்கும்போது விரலில் படும் சின்னச் சூடுகள். அதையெல்லாம் ஒரு காயமாகவே நான் கணக்கில் எடுத்தது கிடையாது. தினம் ஒன்று படும், தண்ணீரில் விட்டு எடுத்து வேலையைத் தொடர்வோம். அவைதான் நுனியை வெளுக்க வைத்துக்கொண்டிருந்திருக்கின்றன.

அப்புறம் நாட்டு மருந்துக் கடைக் கார்போக அரிசி. அதை அரைத்துப் பூசி வெயிலில் நின்று கொப்புளம் வரவழைத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் உள்ள பொருள் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுட்டுவிடும். அந்தப் புண் ஆறும்போது புள்ளி இன்னும் அகலமாகும். ஒட்டு என்று முடிவெடுத்துவிட்டால் அந்தச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள்.

3. எந்த இடம் முதலில் என்று தீர்மானியுங்கள்

எல்லா இடத்தையும் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று ஆசை வரும். முடியாது. மரத்துப்போகும் ஊசி மருந்துக்கு உடல் எடையைப் பொறுத்து ஓர் உச்ச அளவு உண்டு. அதைத் தாண்டிப் போட முடியாது. அதனால் ஒரு தடவையில் எவ்வளவு பரப்பு என்பதற்கு எல்லை இருக்கிறது.

இதைவிட முக்கியமான காரணம் வேறு. ஒட்டு வைத்த இடம் ஏறக்குறைய ஒரு வாரம் அசையக் கூடாது. இரண்டு கை விரல்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டால் யார் சோறு ஊட்டுவது, யார் கழுவிவிடுவது? எந்த இடத்தை உங்களால் ஏழு நாள் அசையாமல் வைத்திருக்க முடியுமோ அதை முதலில் செய்யுங்கள். கண்ணில் அதிகம் படும் இடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் ஒட்டு பிடித்துவிட்டால் அடுத்ததற்குப் பொறுமை தானாக வரும்.

எதிர்பார்ப்பையும் இங்கேயே சரிசெய்துகொள்ளுங்கள். முகமும் கழுத்தும் நன்றாக வரும். உதடும் இமையும் பரவாயில்லை. முழங்கை, முட்டி, கணுக்கால் மூன்றும் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தவை. விரலில் கீழ்க்கணு ஓரளவு வரும், நகத்தை ஒட்டிய நுனி கடைசி. நுனி வரும் என்று யாராவது உறுதி கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

4. இப்போது முறையைப் பற்றிப் பேசலாம்

நாற்று நடுவதுபோல் ஒன்று, பஞ்ச் ஒட்டு. தொடை, பிட்டம், காதுக்குப் பின்புறம் இவற்றிலிருந்து 1 முதல் 2 மி.மீ. வட்டத்தில் தோல் துண்டுகளை எடுத்து, வெள்ளைப் பகுதியில் அதே மாதிரி குழிபோட்டு, 5 முதல் 10 மி.மீ. இடைவெளியில் நடுவார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் நிறம் வட்டமாகப் பரவி ஒன்றோடொன்று சேரும். தடித்த தோலுள்ள விரல், உள்ளங்கை போன்ற இடங்களுக்கு இது ஒத்துவரும், பெரிய கருவியும் வேண்டாம். குறை என்னவென்றால் நட்ட இடம் கூழாங்கல் பதித்ததுபோல் மேடுமேடாக நின்றுவிடலாம். உதட்டிலோ இமையிலோ அப்படி நின்றால் வெள்ளையே தேவலை என்று தோன்றிவிடும்.

அடுத்தது கொப்புள ஒட்டு. தொடையில் சிரிஞ்சையோ குப்பியையோ கவிழ்த்துக் காற்றை உறிஞ்சுவார்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் நீர்க்கொப்புளம் எழும். அதன் மேற்கூரையை மட்டும் கத்தரித்து எடுத்து, உள்பக்கம் கீழே இருக்கும்படி, சுரண்டித் தயார் செய்த இடத்தில் விரிப்பார்கள். மேல்தோல் மட்டும் போவதால் எடுத்த இடத்தில் பொதுவாகத் தழும்பு விழாது, கொஞ்ச நாள் கருத்துக் கிடக்கும். உதட்டுக்கும் இமைக்கும் எனக்குப் பிடித்தது இதுதான். பரப்பு சின்னதாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே கட்டுப்பாடு. அந்த மூன்று மணி நேரம் படுத்தே கிடக்க வேண்டும், அதற்கும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

மெல்லிய தோல் ஒட்டில் காகிதம்போல் சீவிய தோலை அப்படியே விரிக்கிறார்கள். நிறம் சீக்கிரம் வரும், ஆனால் துணியில் ஒட்டுப்போட்டது மாதிரி ஓரம் தெரியலாம்.

செல் கரைசல் முறைக்குத்தான் இப்போது அதிகம் கேட்டு வருகிறார்கள். தொடையில் கொஞ்சம் தோலை மெலிதாகச் சீவி, டிரிப்சின் என்ற நொதி கலந்த திரவத்தில் 37 டிகிரி சூட்டில் ஊறவைத்துச் செல்களைப் பிரித்து, கரைசலாக்கி, சுரண்டிய இடத்தில் ஊற்றிப் பரப்பி, மேலே கொலாஜன் படலம் போட்டு மூடுவார்கள். எடுத்த தோலைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு பரப்புக்குக் காணும் என்பதுதான் இதன் கவர்ச்சி. விரலுக்கும் கணுக்காலுக்கும் அப்படி நீட்டினால் செல் அடர்த்தி போதாது. "எத்தனை மடங்கு பரப்பப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். கடினமான இடத்துக்கும் பத்து மடங்கு என்றால் காரணம் கேளுங்கள். இதற்கு ஆய்வக வசதி வேண்டும், எல்லா இடத்திலும் இருக்காது.

டாட்டூ மாதிரி நிறம் குத்துவதும் உதட்டுக்குச் செய்கிறார்கள். அது வெறும் சாயம். நாளாக வெளிறும், சிலருக்கு நீலம் பாயும். ஊசிக் காயமே புதுப் புள்ளியைத் தூண்டவும் கூடும். மற்றதெல்லாம் தோற்ற பிறகு யோசிக்கலாம்.

5. சோதனை ஒட்டு

புள்ளி நின்றுவிட்டதா என்று சந்தேகம் இருந்தால் முழு வேலைக்கு முன் மூன்று நான்கு சின்ன ஒட்டுகளை மட்டும் புள்ளியின் நடுவில் வைத்துப் பார்ப்பார்கள். மூன்று மாதத்தில் ஒட்டைச் சுற்றி 1 மி.மீ.க்கு மேல் நிறம் பரவினால் முழுதாகச் செய்யலாம். பரவவில்லை என்றாலோ, எடுத்த இடம் வெளுத்துப்போனாலோ காத்திருக்க வேண்டும். மூன்று மாதம் வீண் என்று இதைத் தவிர்க்கிறவர்கள் உண்டு. இரண்டு பக்கமும் வரும் வகை உள்ளவர்கள் கேட்டு வாங்கியாவது செய்துகொள்ளுங்கள்.

6. பரிசோதனையும் பேச வேண்டிய பேச்சும்

நோய் நின்றிருக்கிறதா என்று பார்க்கும் முதல் பரிசோதனைக்கு அலைய வேண்டாம். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம். ஆபரேஷனை எங்கே செய்வது என்பதை முறையைப் பொறுத்து அப்புறம் முடிவு செய்யலாம்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்தம் உறையும் நேரம், மஞ்சள் காமாலைக் கிருமிகள், எச்.ஐ.வி. பார்ப்பார்கள். தைராய்டும் பார்ப்பது நல்லது, இரண்டும் ஒரே மாதிரியான எதிர்ப்பு சக்திக் கோளாறு, அடிக்கடி கூடவே வரும். நீங்களாக முந்திக்கொண்டு சொல்ல வேண்டியவை மூன்று: காயம் தடித்து மேடாகும் உடம்பா, ரத்தம் நீர்க்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, உதட்டில் எப்போதாவது அக்கிபோல் நீர்க்கொப்புளம் வந்திருக்கிறதா. மூன்றாவது இருந்தால் உதட்டு ஆபரேஷனுக்கு முன்பே வைரஸ் மாத்திரை தொடங்குவார்கள். இல்லாவிட்டால் சுரண்டிய காயத்தில் அது மறுபடி கிளம்பி ஒட்டையே தின்றுவிடும்.

பணம் பேசும்போது கணக்கு சதுர சென்டிமீட்டருக்கா, ஒரு தடவைக்கா என்று கேளுங்கள். கட்டு மாற்றுவதும் விடுபட்ட இடத்துக்கு மறுபடி ஒட்டுவதும் சேர்த்தா தனியா என்பதையும் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு முதல் கணக்கு ஒன்று, பில் வேறொன்று. எந்த மருத்துவமனை என்பது இப்போது வேண்டாம்.

7. தேதியும் வீடும்

பங்குனி, சித்திரையில் சேலத்து வெயிலில் கட்டுக்குள் வியர்வை ஊறி ஒட்டு வழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டு நனையும். மார்கழி, தை வசதியான காலம். ஆனால் எஸ்டேட்டில் அப்போதுதான் காபிப் பறிப்பு, கூலி போகும். பறிப்பு முடிந்த கையோடு, வெயில் ஏறுவதற்குள் வைத்துக்கொள்வது அவர்களுக்குத் தோது. கால் என்றால் ஆடியைக் கணக்கில் எடுங்கள். கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள் வெறுங்காலில் நடப்பார்கள், பூ மிதிப்பார்கள். புதுத் தோல் அதைத் தாங்காது. வேண்டுதலை முடித்துவிட்டு ஆபரேஷன், அல்லது அடுத்த ஆடிக்கு நேர்ந்துகொள்ளுங்கள்.

முட்டிக்கோ கணுக்காலுக்கோ செய்பவர்கள் முதலில் கழிப்பறையைப் பாருங்கள். குத்தவைத்து உட்காரும் கழிப்பறைதான் என்றால் ஒட்டு முதல் நாளே போய்விடும். நாற்காலிக் கமோடு வாடகைக்குக் கிடைக்கும், முன்தினமே வாங்கி வையுங்கள். நான் பார்த்ததில் அதிகம் பேர் கோட்டைவிட்டது இதில்தான். மருத்துவரும் கேட்க மாட்டார், நாமும் சொல்ல மாட்டோம்.

விரலுக்குச் செய்பவர்கள் பட்டன் வேண்டாத சட்டை எடுத்து வையுங்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வலது கை என்றால் ஒரு வாரம் முன்பிருந்தே இடது கையில் ஸ்பூனால் சாப்பிட்டுப் பழகுங்கள். கூச்சம் இரண்டு நாளில் போய்விடும்.

ஏற்காட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. கீழே வரும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் வாந்தி வரும் பழக்கம் இருந்தால் உதட்டுக்குச் செய்துகொண்டு அன்றே மலை ஏறாதீர்கள். வாந்தி எடுத்தால் உதட்டில் வைத்தது எதுவும் நிற்காது. கட்டு பிரிக்கும்வரை சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்குவதுதான் வழி. காலுக்குச் செய்தவர்களும் அப்படியே. காலைத் தொங்கப்போட்டு ஒரு மணி நேரப் பயணம் கூடாது.

8. ஆபரேஷன் நாள்

உங்கள் வேலை இதில் குறைவு. விரலுக்கு அடிக்கணுவில் இரண்டு பக்கமும் ஊசி போட்டு விரல் முழுதும் மரத்துப்போக வைப்பார்கள். அந்த ஊசி வலிக்கும், மற்றது வலிக்காது. வுட்ஸ் லாம்ப் என்ற ஊதா விளக்கில் புள்ளியின் எல்லையைக் குறித்துக்கொண்டு, ஊசிமுனை அளவு ரத்தப் பொட்டுகள் தெரியும்வரை மேல்தோலைச் சுரண்டுவார்கள். ஆழம் குறைந்தால் ஒட்டு பிடிக்காது, கூடினால் தழும்பு. ஓரத்தைச் சற்றுத் தாண்டியே சுரண்டுவது வழக்கம். இல்லாவிட்டால் ஒட்டுக்கும் பழைய தோலுக்கும் நடுவே வெள்ளைக் கரை நின்றுவிடும். கணு எலும்பின் மேல் சுரண்டும் கருவி துள்ளும், அதனால் சிலர் அங்கே லேசர் எடுக்கிறார்கள். இமைக்கு இரண்டு கண்ணையும் ஒரே நாளில் செய்யச் சம்மதிக்காதீர்கள். கண்ணை மூடியே கட்டுவார்கள், கைபிடித்து நடத்த ஆள் வேண்டும்.

வெளியே வருவதற்குள் ஒன்றைச் சரிபாருங்கள். முட்டி, முழங்கை, கணுக்கால், விரல் என்றால் அரை மாவுக்கட்டோ தாங்கு பலகையோ வைத்திருக்கிறார்களா? வெறும் துணிக்கட்டோடு அனுப்பினால் கேட்டு வாங்குங்கள். தூக்கத்தில் மடக்கமாட்டேன் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது.

9. அந்த ஏழு நாள்

ஒட்டின் தலையெழுத்து இங்கேதான். புதிதாக வைத்த செல்களுக்கு முதல் நாட்களில் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. அடியில் உள்ள படுகையில் ஒட்டிக்கொண்டு அங்கே ஊறும் நீரில் பிழைக்கின்றன. ஒரு மயிரளவு வழுக்கினாலும் பிடிப்பு விட்டுவிடும். அடியில் ரத்தமோ நீரோ தேங்கினாலும் அப்படியே.

என் முதல் கணுக்கால் போன கதை இதுதான். நான்காம் நாள் வலியே இல்லை. பட்டறையில் ஆர்டர் நெருக்கடி, வண்டியை எடுத்தேன். வீட்டிலிருந்து பட்டறை பத்து நிமிடம். கியர் மாற்றுவது இடது காலில் என்பது வண்டி ஓடும்போதுதான் உறைத்தது. எட்டாம் நாள் கட்டைப் பிரித்தபோது கொலாஜன் படலம் சுருண்டு ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. வலி இல்லை என்பதற்கும் ஒட்டிவிட்டது என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

காலுக்குச் செய்தவர்கள் படுக்கும்போது தலையணை மேல் காலை உயர்த்தி வையுங்கள், தொங்கவிட்டால் ரத்தம் இறங்கி ஒட்டின் அடியில் நீர் கோக்கும். நடப்பது கழிப்பறைக்கு மட்டும். கைக்குச் செய்தவர்கள் தூளி கட்டி நெஞ்சுக்கு உயரமாக வையுங்கள். உதட்டுக்குச் செய்தவர்களுக்குக் கஞ்சி, மோர், ராகிக் கூழ், எல்லாம் ஆறியபின். எனக்கு வாயின் ஓரத்தில் ஊசியில்லாத சிரிஞ்சால் ஊற்றச் சொன்னார்கள்; சிலர் ஸ்ட்ரா சொல்கிறார்கள். உங்கள் மருத்துவர் சொன்னதைப் பின்பற்றுங்கள். பேச்சும் சிரிப்பும் வேண்டாம். பார்க்க வருபவர்களைத் தடுத்துவிடுங்கள், அவர்கள் வந்தால் பேச்சு வராமல் இருக்காது. பிறப்புறுப்பில் செய்துகொண்டவர்கள் இறுக்கமில்லாத உடை போட்டுக்கொள்ள வேண்டும். உடலுறவு சில வாரம் கூடாது. எத்தனை வாரம் என்பதை வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். ஆண்கள் இரவில் தானாக விறைப்பதைப் பற்றியும் முன்பே பேசிவிடுவது நல்லது, அதற்கும் யோசனை சொல்வார்கள்.

கட்டை நீங்களே பிரித்துப் பார்க்காதீர்கள். நாற்றம், சீழ், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, விரல் நுனி நீலமாவது இவற்றில் எது வந்தாலும் ஏழாம் நாள்வரை பொறுக்காமல் அன்றே போய்விடுங்கள்.

10. கட்டு பிரித்த பிறகு வரும் பயம்

பெரும்பாலும் ஏழு எட்டு நாளில் பிரிப்பார்கள். உள்ளே பழுப்பு நிறத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் இளஞ்சிவப்பைப் பார்த்து அழுதுவிடுகிறார்கள். அது சரியான நிறம்தான். நிறமிச் செல் பிடித்து, பெருகி, சாயம் செய்யத் தொடங்க வாரங்கள் ஆகும்.

கொப்புள ஒட்டில் இன்னொரு அதிர்ச்சி இருக்கிறது. அம்மாப்பேட்டையில் நெசவு வீட்டு அக்கா ஒருவர் இரவு பத்து மணிக்கு போன் செய்தார். "தம்பி, வெச்ச தோலு உதிந்து கையோட வந்துருச்சுப்பா, பணமெல்லாம் போச்சு." எத்தனை நாளாச்சு என்று கேட்டேன். பன்னிரண்டு. "அக்கா, அது உதிரத்தான் வேணும். நிறமிச் செல்லக் கீழ விட்டுட்டு மேல இருக்கற கூரை கழண்டுக்கும்." இரண்டு மாதம் கழித்து அவரே உதட்டைக் காட்டினார். இதைச் சொல்லி அனுப்ப மருத்துவமனையில் யாருக்கும் நேரம் இருந்திருக்காது போல.

முதல் இரண்டு மூன்று வாரம் சோப்பு தேய்க்காதீர்கள், பொருக்கை உரிக்காதீர்கள். கைத்தொழில் உள்ளவர்கள் பருத்தி உறை போட்டே வேலைக்குத் திரும்புங்கள். நான் பற்றவைக்கும் வேலையை ஒரு மாதம் தள்ளிவைத்தேன். சம்பளம் குறைந்தது, ஆனால் கணுக்கள் பிழைத்தன. எடுத்த இடமான தொடைக்கும் இதே கவனம் கொடுங்கள், அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

11. ஒளிச் சிகிச்சையும் ஆறு மாதக் கணக்கும்

காயம் ஆறியபின், வழக்கமாக இரண்டு முதல் நான்கு வாரத்தில், நேரோபேண்ட் யுவிபி ஒளிச் சிகிச்சை தொடங்கச் சொல்வார்கள். 311 நானோமீட்டர் அலைநீளத்தில் உள்ள புற ஊதா ஒளி அது. நட்ட செல்லைத் தூண்டிப் பரவவைக்கும். வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, அடுத்தடுத்த நாள் கூடாது. கண்ணாடி அணிய வேண்டும், பிறப்புறுப்பை மூட வேண்டும். நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுவார்கள். "சீக்கிரம் வரட்டும்" என்று கூட்டச் சொல்லிக் கெஞ்சினால் சுட்டுக்கொள்வீர்கள். சூடுபட்டால் என்ன ஆகும் என்று இரண்டாம் படியில் சொல்லிவிட்டேன். மலையிலிருந்து வாரம் மூன்று முறை இறங்க முடியாதவர்கள் கையில் பிடிக்கும் சின்னக் கருவி பற்றிக் கேளுங்கள். அதையும் மருத்துவர் அளவு சொல்லாமல் தொடாதீர்கள்.

நிறம் மூன்றாம் மாதத்தில் முகம் காட்டும். தீர்ப்பு ஆறாம் மாதத்தில், விரலுக்கும் காலுக்கும் இன்னும் தாமதமாக. முதலில் சுற்றுத் தோலைவிடக் கருத்துத் தெரியும், பெரும்பாலும் மெல்ல மெல்ல மங்கிச் சேரும். உதட்டில் இந்தக் கருப்பு எடுப்பாகத் தெரியும். எனக்கு ஒரு வருடம் வரை இருந்தது, வீட்டில் பீடி பிடிக்கிறேன் என்று சந்தேகப்பட்டார்கள்.

ஓரத்தில் வெள்ளைக் கரை நின்றால் ஒளிச் சிகிச்சையில் நிரம்பலாம். நிரம்பாவிட்டால் சின்னதாக மறுபடி ஒட்டலாம். ஆனால் அதற்கு முன் மீண்டும் முதல் படிக்குப் போய் புள்ளி நின்றபடியே இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் நோய் மறுபடி கிளம்பினால் வந்த நிறமும் போகக் கூடும். மாதப் படம் எடுப்பதை நிறுத்தக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

விரல் நுனிக்கு இரண்டாம் முறை செய்யலாமா என்று என் மருத்துவரைக் கேட்டேன். "செய்யலாம், நான் செய்யமாட்டேன்" என்றார். நானும் விட்டுவிட்டேன். பட்டறையில் அந்த நுனிகளுக்குத் துணி சுற்றிக்கொள்கிறேன், சூடு படாமல் இருக்க.